டயல் துளையில் பொட்டு வைத்த வரலாறு: ஒரு முன்னாய்வு

தொலைபேசி டயலின் துளைக்குள் விரல் எதை நம்பி நுழைகிறது என்ற வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை தீண்டவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை சுட்டுவிரலின் நுனி. பென்சில் முனையால் டயல் சுழற்றியோர் இதில் அடங்கார்; அவர்கள் மரபே தனி.

அமெரிக்க வீடுகளில் 1937 முதல் குடியேறிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 302-ஆம் மாடலில் எண்கள் துளைகளுக்குள்ளேயே தெரிந்தன. ஹென்றி ட்ரைஃபஸ் என்ற வடிவமைப்பாளர் பத்தாண்டு கழித்து 500-ஆம் மாடலில் கைவைத்தார். எண்களும் எழுத்துகளும் துளையைவிட்டு வெளியே வந்தன. பெரிதாக, விரல் மறைக்காதபடி வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தன. பார்வைக்குக் குறையே இல்லை. ஆனால் ஜனங்கள் முன்னைவிட மெதுவாக டயல் செய்தார்கள். தொலைபேசி நிறுவனத்துக்குத் தலைகால் புரியவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ஜான் கார்லின். தென்னாப்பிரிக்காவில் பிறந்த உளவியலாளர், வயலின் வாசிப்பவர், பெல் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர்கள் நடுவே தனியாளாகச் சேர்ந்தவர். வெறும் துளையைக் கண்டால் விரலுக்குக் குறி கிடைப்பதில்லை என்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கப்பட்டது. போன வேகம் திரும்பி வந்தது. மனோதத்துவம் இதைவிடச் சிக்கனமாக எங்கும் செலவானதில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

பொட்டு மிச்சம் பிடித்தது விரல் தடுமாறும் நேரத்தை மட்டுமே. தடுப்புக் கொக்கி வரை இழுத்துவிட்டு விரலை எடுத்ததும் ஸ்பிரிங் டயலைத் திருப்பி அழைத்துவரும். ‘கிர்ர்’ரென்று அது திரும்பும்போதுதான் துடிப்புகள் ஒயரில் போகும், நொடிக்குச் சுமார் 10. ஒன்றுக்கு ஒரு துடிப்பு, பூஜ்யத்துக்குப் பத்து. அவசரப்பட்டுக் கையால் தள்ளினால் ராங் நம்பர். 1947-இல் ஊர்க் குறியீடுகளை வகுத்தவர்கள் இதைக் கணக்கில் கொண்டே நியூயார்க்குக்கு 212 கொடுத்தார்கள்: ஐந்தே துடிப்பு. பின்னால் வந்த அலாஸ்காவுக்கு 907, அதாவது 26. பனிக்கரடிக்கு என்ன அவசரம்! சென்னையின் 044-க்கு 18 வருகிறது, நடுத்தர வர்க்கம்.

கார்லின் குழுவின் இன்னொரு சாதனை திருட்டு வகையைச் சேர்ந்தது. போருக்குப் பின் செம்புக்குத் தட்டுப்பாடு. ரிசீவர் ஒயரின் நீளம் ஏறத்தாழ மூன்றடி. அதைக் குறைத்தால் என்ன? ஆட்களைக் கேட்டால் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். எனவே மூன்று நாளைக்கு ஒருமுறை சக ஊழியர்களின் அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் குறைத்தார்கள். ஓரடி காணாமல் போகும்வரை யாரும் மூச்சு விடவில்லை. பிறகு வந்த தொலைபேசிகளுக்குக் குட்டை ஒயர்தான். ஆய்வு நெறிக்குழுக்கள் தோன்றாத பொற்காலம் அது.

1963-இல் பொத்தான் தொலைபேசி வந்தது. துளையும் போயிற்று, பொட்டும் போயிற்று. பொத்தான்களை எப்படி அடுக்குவது என்று பல வரிசைகளை மக்களிடம் கொடுத்துச் சோதித்தே 1, 2, 3-ஐ மேலே வைத்தார்கள். கால்குலேட்டரில் மேலே இருப்பதோ 7, 8, 9. இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளையின் விரல்கள் இரு அரசுகளுக்கும் தனித்தனியே கப்பம் கட்டுகின்றன.