பாசி நிக்கிரக மீமாம்சை

தக்காணத்துக் கருங்கற்பாறைகளின் மேல் அமர்ந்து, ஹுசேன் சாகர், உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என ஏரி ஏரியாக வெட்டித் தாகம் தணித்துக்கொண்ட ஐதராபாத் நகரத்திலே, நகரம் பெருத்து ஏரிகள் இளைத்த இந்நாளில், மாரேட்பள்ளி முதலான இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் கூடத்தில், இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் ஏரியொன்றை மறுபடி ஸ்தாபிக்கும் பிரயத்தனம் நடந்து வருகிறது. செடிகளும் மீன்களும் குடியேறிய அத்தொட்டிக்குள் அழையாமல் வந்து, வாடகையின்றித் தங்கி, சில வாரங்களில் வீட்டுக்காரரையே வெளியேற்றப் பார்க்கும் பாசியின் ஸ்வரூபத்தையும் நிவாரணத்தையும் விசாரிப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

பாசி ஐவகைப்படும். புதுத் தொட்டியில் பழுப்புத் தூளாகப் படிந்து, விரல் பட்டாலே அகன்று, தொட்டி முதிர்ந்ததும் தானே விடைபெறுவது டயட்டம். உள்ளே மீன் உண்டா என்ற சம்சயம் எழுமளவுக்கு நீரையே பச்சையாக்குவது இரண்டாவது. பழைய பல்துலக்கியை விட்டுத் திருகினால் இழை இழையாகச் சுற்றிக்கொண்டு வருவது நூற்பாசி. கண்ணாடியில் பச்சைப் பொட்டாக இறுகி, காலாவதியான வங்கி அட்டையின் விளிம்புக்கு மட்டுமே மசிவது புள்ளிப்பாசி. வடிகட்டியின் வாயிலும், மெல்ல வளரும் அனுபியாஸ் இலையின் ஓரத்திலும் கறுத்த குஞ்சமாக முளைப்பது தாடிப்பாசி. பார்வைக்குக் கறுப்பாயினும் ஜாதியில் செம்பாசியாகிய இது, சாராயத்தில் இட்டால் சிவந்து தன் குலத்தைக் காட்டிவிடும். உள்ளே போனால் உண்மை வெளிவரும் என்று சாராயத்தைப் பற்றி உலகோர் கூறுவதற்கு இதுவே பிரத்தியட்சப் பிரமாணம்.

நீலப்பச்சைப் பாசி என்று வழங்கும் ஆறாவது, உண்மையில் பாக்டீரியா. வழவழப்பாகப் படர்ந்து துர்நாற்றம் வீசுவதெனினும், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் மூதாதையர் வெளியிட்ட பிராணவாயுவே ஆகாயத்தில் சேர்ந்து நமக்குச் சுவாசமாயிற்றாதலின், மூச்சை இழுத்துக்கொண்டு இதனைச் சபிப்பது நன்றி கொன்ற செயலாகும்.

நிவாரணத்தில் ஆசாரியர்கள் நான்கு மதத்தினர். ஒளிவாதிகள், விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது என்பர். அவர்களில் தீவிரர் மூன்று நாள் கம்பளியால் தொட்டியை மூடுவர். பட்டினிவாதிகள், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒழிந்தால் பாசி ஒழியும் என்பர். பாசிக்கு வேண்டியதோ அற்பமாதலால் முதலில் மடிவது செடியே, அன்றியும் பாஸ்பேட் குறைந்த இடத்திலேதான் புள்ளிப்பாசி கொழிக்கிறது. அமெரிக்கரான டாம் பார் வழிவந்த போஷகவாதிகள், செடிக்கு உரமும் கரியமிலவாயுவும் குறைவற அளித்து, வாரந்தோறும் பாதி நீரை மாற்றுக என்பர். இம்மதம் தத்துவத்தில் பழுதற்றது, ஆயினும் சித்திரை மாதத்து ஐதராபாத்தில், "நமக்கே டேங்கர் தண்ணி, மீனுக்கு வாரா வாரம் மங்கள ஸ்நானமா?" என்று சமையலறையினின்று எழும் கண்டனத்துக்கு அவர்களிடம் சமாதானம் இல்லை. நான்காமவர், ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) பிரபலப்படுத்தி, இன்று அவர் பெயராலேயே அறியப்படும் இறாலைப் பாசியின் மேல் ஏவுவர். இறால் உழைப்பாளிதான், ஆனால் மீன் தீனி தாராளமாய்க் கிடைக்கும் வீட்டில் அது பாசியை ஏறெடுத்தும் பாராது.

இனிச் சித்தாந்தம். பாசிக்கு மூலகாரணம் யஜமானரின் வாத்சல்யமே. வந்த விருந்தினருக்கெல்லாம் காட்டும்பொருட்டு அவர் விளக்கைப் போடுகிறார். கண்ணாடியருகே மீன் வாய் திறந்த போதெல்லாம் ஒரு சிட்டிகை தீனி இடுகிறார். உண்ணாது எஞ்சியது அழுகி அம்மோனியாவாகிறது. ஒளியும் உணவும் கண்ட பாசி தழைக்கிறது. இவ்விதி தொட்டிக்கு மட்டும் உரியதன்று. குகட்பள்ளி ஓடை பல்லாண்டாகச் சுமந்து வந்த சாக்கடையை உண்டு ஹுசேன் சாகர் பச்சை பூத்ததும் இதே நியாயத்தால்தான்; 1992-இல் அதன் நடுவே நிறுத்தப்பட்ட புத்தர் பெருமான், ஆசையே துன்பத்துக்கு ஹேது என்ற தமது உபதேசத்துக்கு இத்தனை விசாலமான உதாஹரணத்தை வேறெங்கும் கண்டிரார்.

ஆகவே விதிப்பது: விளக்கு, தானே அணையும் டைமரோடு, நாளுக்கு ஏழு மணி நேரம், ஜன்னல் வெயில் தொட்டியில் படலாகாது. தீனி ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தீருமளவு. வாரம் ஒருமுறை மூன்றிலொரு பங்கு நீர் மாற்றம். கழித்த நீர் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் உரமாதலால் சமையலறையும் சாந்தமடையும். தொடக்கத்திலேயே விரைந்து வளரும் செடிகளை நெருக்கி நட்டு, அழுகிய இலையை அன்றன்றே கிள்ளுக.

இவற்றை ஆறு வாரம் அனுஷ்டித்தும் பாசி குறையாவிடில், வீட்டில் வேறு யாரோ ரகசியமாகத் தீனி போடுகிறார்கள் என்று தெளிக. முதலில் பாட்டியை விசாரிக்க.