ஏழரை வேண்டித் தவம்

ஏழரை என்றாலே திருநள்ளாற்றுக்கு ஓடுகிற இனம் நாம். சிங்கப்பூரின் மார்சிலிங்கில் மட்டும், ஏழரை பிடிக்க வேண்டும் என்று காசு கட்டித் தவம் கிடக்கிறோம். கனடாவில் குடியேறும் வரிசையில் நல்ல புள்ளி சேர வேண்டுமானால் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்டலுக்கு 8, படித்தல், எழுதுதல், பேசுதலுக்குத் தலா 7 வாங்க வேண்டும். சராசரி ஏழே கால். தேர்வுக்காரர்கள் பெரிய மனது பண்ணி அதை ஏழரையாக்கித் தருவார்கள். சனி பகவானிடம்கூட இந்தச் சலுகை கிடையாது.

இரவு பத்துக்கு மேல் மார்சிலிங் டிரைவ் புளோக்குகளின் கீழ்த்தளத்துக்கு வந்து பாருங்கள். கல்மேசையில் ஒரு தம்பி உட்கார்ந்திருப்பார். முன்னால் கைப்பேசி, அதில் இரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். ‘தண்ணீருக்குப் பக்கத்தில் நீங்கள் பார்த்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசுங்கள்’ என்பது கேள்வி. கூப்பிடு தூரத்தில் ஜோகூர் நீரிணை. விடியுமுன்னே கடற்பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் முட்டி மோதிக்கொண்டு இந்தப் பக்கம் வருவதை அவர் தினமும் பார்க்கிறார். அதைச் சொல்ல மாட்டார். பயிற்சி வகுப்பில் உருப்போட வைத்த ஸ்விட்சர்லாந்து ஏரியைத்தான் சொல்வார். ஒரு நிமிடம் நாற்பது நொடியில் ஏரி வற்றிவிடுகிறது. தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். இத்தனைக்கும் பல வருடமாக ஆங்கிலத்தில்தான் அலுவலகக் கூட்டம் நடத்துகிறார், ஆங்கிலத்தில்தான் மேலாளரிடம் திட்டு வாங்குகிறார். அதெல்லாம் ஆங்கிலத்தில் சேர்த்தியில்லையாம்.

அரும்பாடுபட்டு வாங்கும் அந்த ஏழரையும் இரண்டே வருடத்தில் காலாவதி. பால் பெட்டிக்குத் தேதி போடுவதுபோல மனுஷன் நாக்குக்கும் தேதி போட்டவன் சாமானிய வியாபாரி இல்லை. வியாபாரம் என்று சும்மா சொல்லவில்லை. இந்தியாவில் தான் நடத்திவந்த ஐஇஎல்டிஎஸ் தேர்வுத் தொழிலை பிரிட்டிஷ் கவுன்சில் 2021இல் ஆஸ்திரேலியாவின் ஐடிபி நிறுவனத்துக்கு விற்றது. விலை 13 கோடி பவுண்டு. ஐடிபி அந்நாட்டுப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. தஞ்சாவூர்ப் பையனும் லூதியானாப் பெண்ணும் எழுத்துத் தேர்வில் அரைப் புள்ளி குறைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கட்டுகிற பணம்தான் அங்கே லாபப் பங்காகப் பிரிகிறது. கலாசார உறவு வளர்க்கிறோம் என்று வந்தவர்கள் நல்ல விலைக்குத்தான் வளர்த்திருக்கிறார்கள்.

‘நாங்கள் சிங்கப்பூரர்கள், எங்களுக்கு எதற்குத் தேர்வு?’ என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள் உண்டு. பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் ஆங்கிலத்தில் நடக்கிற ஊர். அதுவும் போதாதென்று 2000இல் பிரதமர் கோ சோக் டோங் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கத்தையே தொடங்கி வைத்தார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 48.3 விழுக்காட்டினர் வீட்டிலேயே அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. தாய்மொழியை விற்று ஆங்கிலம் வாங்கியாயிற்று. பலன்? விசாவுக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டாம் என்று பிரிட்டன் விலக்களிக்கும் நாடுகளின் பட்டியலில் மால்டா இருக்கிறது, கயானா இருக்கிறது, பெலிஸ் இருக்கிறது. சிங்கப்பூர் இல்லை. ஆஸ்திரேலியாவும் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து கடப்பிதழ்களுக்குத்தான் விலக்குத் தருகிறது. சிவப்புக் கடப்பிதழ்க்காரர் வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான்.

அவமானம்தான். ஆனால் எனக்கு இதில் பாதி அனுதாபம்தான் வருகிறது. மீதிப் பாதியை இங்கே வீட்டுவேலைக்கு வந்த பெண்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

2005இல் நம் அரசாங்கம் ஒரு விதி போட்டது. முதன்முறை பணிப்பெண்ணாக வருகிறவளுக்குக் குறைந்தது 23 வயது, எட்டு வருடப் படிப்பு. வந்து இறங்கியதும் ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு. தோற்றால் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். முகவருக்குக் கடன் சொல்லி, மாதக்கணக்கில் சம்பளத்தை முன்கூட்டியே அடகு வைத்து வந்தவள், பெட்டியைப் பிரிக்குமுன் பரீட்சை எழுத உட்கார்ந்தாள். நம் வீடுகளில் பாட்டியைப் பார்த்துக்கொள்ளத் தமிழ் தெரிந்த பெண்தான் வேண்டும் என்று முகவரிடம் கேட்டுக் கேட்டுத்தானே அழைத்து வருகிறோம்? அந்தப் பெண்ணிடம்தான் ஆங்கிலம் கேட்டார்கள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் காய்ச்ச வந்த கஞ்சிக்கும் தெரியாது. ஏழு வருடம் இந்தக் கூத்து நடந்தது. நாம் என்ன செய்தோம்? ‘இங்கிலீஷ் தெரிந்தால் நல்லதுதானே’ என்று சோபாவில் சாய்ந்துகொண்டோம். 2012 மே மாதம் தேர்வை எடுத்துவிட்டு ஓர் அறிமுகப் பயிற்சியை வைத்தார்கள். அதைத் தமிழிலும் நடத்துகிறார்கள். அதனால் எந்த அடுப்பும் வெடிக்கவில்லை.

கட்டுமானத் தொழிலாளியைப் பாருங்கள். சாரத்தில் ஏறுமுன் அவருக்கு எடுக்கும் பாதுகாப்புப் பாடம் தமிழில் உண்டு. வேலையிடத்துத் தகர வேலியில் ‘அபாயம்’ என்று நம் எழுத்து தொங்குகிறது. 2020இல் கொரோனாவுக்காக விடுதிகளைப் பூட்டியபோது அறிவிப்புகள் தமிழிலும் வங்காளத்திலும் பறந்து வந்தன. உயிர் போகிற காரியம் என்றால் எல்லா மொழியும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. ‘இங்கேயே இருந்துகொள்கிறேன்’ என்று ஒருவன் வாய் திறந்தால்தான் இலக்கணம் கேட்கத் தோன்றுகிறது.

அதையும் கேட்டார்கள். 2023 பிப்ரவரி 27 அன்று, குடியுரிமைக்கும் நிரந்தரவாசத்துக்கும் விண்ணப்பிப்பவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் யோசனை சொன்னார் பாட்டாளிக் கட்சித் தலைவர் பிரித்தம் சிங். எதிர்க்கட்சி, அதுவும் பெயரில் பாட்டாளி! அமைச்சர் ஜோசஃபின் டியோ அதற்குப் பிடி கொடுக்கவில்லை. ஆனால் காப்பிக் கடைகளில் நம்மவர்கள் மேசையைத் தட்டி ‘சரியாச் சொன்னாருப்பா!’ என்றார்கள். ஐஇஎல்டிஎஸ் வகுப்புக்குப் போகிற வழியில் தே தாரிக் குடிக்க நின்றவர்களும் அதில் இருந்தார்கள். கனடாக்காரன் தன்னிடம் கேட்டால் அநியாயம். தனக்குப் பின்னால் வருகிறவனிடம் தான் கேட்டால் நாட்டுப்பற்று.

மேசை தட்டியவர்கள் அரசமைப்புச் சட்டத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம். குடியுரிமை கேட்பவருக்கு மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றில் அடிப்படை அறிவு இருந்தால் போதும் என்கிறது 123ஆம் பிரிவு. 45 வயதானவர்களுக்கு அதிலும் விலக்குக் கொடுக்கலாம். 44ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், இந்த நான்கில் ஒன்றைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் நாடாளுமன்றத்துக்கே போட்டியிடலாம் என்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவர் சட்டம் இயற்ற உட்காரலாம். தமிழ் மட்டும் தெரிந்த மருமகள் அடையாள அட்டை வாங்கக் கூடாதா? தேசிய கீதமே மலாயில். அதைப் பாடி முடித்துவிட்டு ஆங்கிலத் தேர்வுத் தாளை நீட்டுவோமோ?

123ஆம் பிரிவிலிருந்து தமிழை எடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் தமிழர்கள் தாராளமாகக் கேட்கலாம். மார்சிலிங் – இயூ டீ, பிரதமர் லாரன்ஸ் வோங்கின் குழுத்தொகுதி. மக்கள் சந்திப்புக்குப் போய் மனுக் கொடுத்தால் மேலே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. மனுவோடு உங்கள் அம்மாவின் குடியுரிமைச் சான்றிதழையும் இணையுங்கள். அவர் எந்த மொழியில் பதில் சொல்லி அதை வாங்கினார் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.