சருகே காவல்

கேள்வி: புதுச்சேரி நகரில் பெரிய வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர், வேலையாள் இல்லாமல் அதைப் பராமரிக்க முடியுமா?

பதில்: முடியும், சம்பளம் கேட்காத மண்புழுவிடம் பாதி வேலையை ஒப்படைக்க வேண்டும்; அதற்கு வழி சருகு மூடாக்கு. இவ்வூரில், கடலோர மணல் நீரைத் தேக்கி வைக்காததாலும், மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதாலும், சருகையும் வைக்கோலையும் செடியின் தண்டில் படாமல் தூரைச் சுற்றி மூன்று அங்குல உயரம் பரப்பும் மூடாக்கு முறையே கோடைக்கு உற்ற துணை. சருகை விலக்கிப் பார்த்தால் அடியில் ஈரமும், மண்புழு வெளியேற்றிய குருணை போன்ற எச்சமும் தெரியும். களையும் எளிதில் தலையெடுக்காது. இத்தகைய சருகைக் கூட்டிக் கொளுத்துவது பெரும் அநியாயம். வெயில் காயும் மதிலோரத்தை, பிரெஞ்சுக் கடலோடி பூகன்வீலின் பெயர் தாங்கிய காகிதப்பூவுக்கு விட்டுவிடலாம். வேரூன்றிய பின் தண்ணீரைக் குறைத்தால்தான் அது கொத்துக் கொத்தாய்ப் பூக்கும்.