கேலரியார்

திருப்பூர் காதர்பேட்டையில் சந்துக்கு ஒரு கேலரியார் இருப்பார். நான் சொல்கிறவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து உள்ளே நுழைந்தால், பண்டல்களுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் டி-ஷர்ட், சீசனுக்குச் சீசன் ஜெர்சி, இதுதான் வியாபாரம். நெற்றியில் திருநீறு, காதில் பேனா, கல்லாப்பெட்டிமேல் சாய்த்து வைத்த செல்போன். அதில் எந்நேரமும் ஏதாவது ஒரு மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். கிரிக்கெட்டா, கபடியா, கால்பந்தா என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது.

பேட்ஸ்மேன் தூக்கி அடித்தால் ஊரே பந்தைப் பார்க்கும். கேலரியார் பந்து போய் விழப்போகிற இடத்தைப் பார்ப்பார். “பாருங்கோ, சிக்சர் போய் விழுந்துருக்குது, எடுத்துப் போட ஒரு ஆளில்ல. செக்யூரிட்டிகாரர் படியேறிப் போறாரு!” ஸ்கோர் என்ன என்று கேட்டால் முழிப்பார். எந்த கேலரியில் எத்தனை வரிசை காலி என்று கேளுங்கள், ஜிஎஸ்டி பில் போல் துல்லியமாக வரும். கேமராக்காரர் கூட்டத்தைக் காட்டினால் அவருக்கு இன்னும் குஷி. “கொடி ஆட்டற இந்தப் பாப்பாவ ஏழாவது ஓவர்லயே காட்டீட்டாங்க. இப்ப மறுக்கா காட்டறாங்க. வேற ஆளிருந்தாக் காட்ட மாட்டாங்களா?”

அவருடைய பொற்காலம் சேப்பாக்கத்தின் ஐ, ஜே, கே கேலரிகள் பூட்டிக் கிடந்த காலம். 2011 உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டிய கேலரிகள் அவை; கட்டட அனுமதிச் சிக்கலில் மாட்டி 2012 தொடங்கிப் பல வருடம் சும்மா கிடந்தன. தோனி ஆடினாலும் சரி, யார் ஆடினாலும் சரி, மூன்று கேலரி காலி என்பது கேரண்டி. அந்தக் கேலரிகள் திறந்த பிறகு சேப்பாக்கம் மேட்ச் என்றால் அவருக்கு அவ்வளவாகச் சுரத்தில்லை. மஞ்சளாய் நிரம்பிக் கிடக்கும் கூட்டத்தில் ஒருவருக்கு என்னதான் பேச்சு இருக்க முடியும்?

ஆனால் அவருடைய பெருந்துக்கம் சென்னையில் இல்லை, சொந்த ஊரில் இருக்கிறது. டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் நம் ஊர்ப் பெயரில் ஒரு டீம் உண்டு: ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ். முதலில் காரைக்குடி காளை என்று இருந்ததுதான் பின்னால் திருப்பூர் ஆனது. “லேபிள் மாத்தி அனுப்பறது நமக்குத் தெரியாத வேலைங்களா?” என்று கேலரியார் அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். 2025இல் அந்த டீம் சாய் கிஷோர் தலைமையில் கோப்பையே வாங்கிவிட்டது. ஜூலை 6ஆம் தேதி, நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் இறுதிப் போட்டி. இருபது ஓவரில் 220 ரன் அடித்து, அஸ்வினின் திண்டுக்கல் டிராகன்ஸை 102க்குச் சுருட்டினார்கள். ஜெயித்தது 118 ரன்னில். அந்த சீசன் கோவையில் நடந்தது, சேலத்தில் நடந்தது, திருநெல்வேலியில் நடந்தது, திண்டுக்கல்லில் முடிந்தது. திருப்பூரில் ஒரு பந்துகூட விழவில்லை.

“எல்லா ஊர்லயும் கேலரி காலியா இருக்குதுங்க, நா இல்லைன்னு சொல்லலை. ஆனா நம்மூர்ல காலியா இருக்கறதுக்குக்கூட ஒரு கேலரி இல்லீங்களே!” என்று சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே கம்மிப்போகும்.

கோப்பை ஜெயித்த சூட்டோடு அவர் ஒரு காரியம் செய்தார். கிடப்பில் இருந்த ஒரு லாட்டில் ‘திருப்பூர் தமிழன்ஸ் சாம்பியன்’ என்று பிரிண்ட் போட்டு வாசலில் தொங்கவிட்டார். நாலு நாள் கழித்து ஈரோட்டிலிருந்து வந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் துணியைக் கசக்கிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. திருப்பூர் தமிழன்ஸ்ங்கறது எந்தப் பக்கத்து கம்பெனிங்க? பனியனும் போடறாங்களா?” என்றார். கேலரியார் விளக்கம் சொல்லவில்லை. பீஸுக்கு அஞ்சு ரூபாய் குறைத்துத் தள்ளிவிட்டார்.

இந்த விஷயத்தில் அவர் ஒரு சித்தாந்தமே வைத்திருக்கிறார். சட்டையில் ஊர்ப் பெயர் இருக்கிறது, கேலரியில் ஊர் இல்லை. அதனால்தான் கூட்டம் இல்லை. சாட்சிக்குச் சென்னை சிட்டி எஃப்சியை இழுப்பார். பெயரில் சென்னை இருந்தாலும் அந்தக் கால்பந்து டீமின் சொந்த மைதானம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியமாக இருந்தது. 2019 மார்ச்சில் அங்கேதான் ஐ-லீக் பட்டம் வென்றது. இப்போது அப்படி ஒரு டீம் இருந்ததே பாதிப் பேருக்கு நினைவில்லை. அடுத்த சாட்சி ரக்பி. 2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீக் என்று முதல்முறையாக ஒன்று நடந்தது. ஊர், வட்டாரப் பெயர்களில் ஆறு டீம்கள், ஆட்டமெல்லாம் மும்பை அந்தேரியில். இறுதியில் டெல்லியை 41க்கு 0 என்று நசுக்கிக் கோப்பை வாங்கியது சென்னை புல்ஸ். “சென்னை ஜெயிச்சது சென்னைக்கே தெரியாதுங்க. நாப்பத்தொண்ணுக்கு முட்டை! வேற யாராச்சுமா இருந்தா ஊரையே ரெண்டாக்கிருக்க மாட்டாங்களா?”

இவ்வளவு பேசுகிறவர் என்றைக்காவது டிக்கெட் எடுத்து மேட்சுக்குப் போனதுண்டா என்று நீங்கள் கேட்கலாம். தெருவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். டிக்கெட் எடுத்துப் போனதில்லை, பாஸில் போயிருக்கிறார். 2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, கோவை எஸ்என்ஆர் கல்லூரி மைதானம். திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் ஆட்டம். பிரிண்டிங் பட்டறைக்காரர் ஒருவர் மூன்று பாஸ் கொடுத்திருந்தார். யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போய் உட்கார்ந்து, தன் இரண்டு பக்கமும் இருந்த காலி சேர்களைப் படமெடுத்து, “கூட்டமே இல்லை, பாருங்க” என்று வியாபாரிகள் குரூப்பில் போட்டார். அந்த இரண்டு சேரும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தன.

அதோடு விட்டாரா? இன்னும் நல்ல ஆங்கிள் வேண்டும் என்று எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேல் வரிசைகளைப் படமெடுத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் சாய் கிஷோர் பந்தில் அஸ்வினுக்கு எல்பிடபிள்யூ கொடுத்தார்கள். அஸ்வின் அம்பயரோடு வாக்குவாதம் செய்தார். பேட்டால் பேடில் ஓங்கி அடித்துக்கொண்டு வெளியே போனார். டிஎன்பிஎல் என்ற ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்கூட அந்தக் கிளிப்பைப் பார்த்தார்கள். கேலரியாரும் மறுநாள் காலை கடையில் செல்போனில்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, “இந்த அம்பயருக்குப் பின்னால பாருங்க, மூணு வரிசை காலி” என்றார்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் கடைகளில் கணக்கு முடியும். பார்சல் கட்டி லோடு ஆட்டோவில் ஏற்றியதும் டீக்கடையில் சபை கூடும். கூட்டம் ஏன் வருவதில்லை என்பதற்கு அங்கே தினமும் தீர்ப்பு உண்டு. லோடு ஆட்டோக்காரர் சொல்வார்: வண்டி நிறுத்த இடமில்லை, ராத்திரி திரும்பி வர பஸ் இல்லை. டீ மாஸ்டர் சொல்வார்: உள்ளே ஒரு டீக்கு அவன் கேட்கிற காசுக்கு இங்கே நாலு பேர் வடையோடு குடிக்கலாம். ஜாப் ஒர்க் பிரிண்டர் சொல்வார்: ஓவர் ப்ரொடக்‌ஷன், ஐபிஎல் முடிந்தால் டிஎன்பிஎல், அது முடிந்தால் கபடி, இவ்வளவு சரக்கை மார்க்கெட்டில் இறக்கினால் எவன் வாங்குவான்? எனக்கு என்னவோ இந்தச் சபையில் யாரும் இதுவரை விளையாட்டைப் பற்றிப் பேசியதாகவே தோன்றவில்லை.

ஒரு நாள் பாலக்காட்டுக் கொள்முதல்காரர் ஒருவரும் வந்து மாட்டினார். மஞ்சள் ஜெர்சி வாங்க வந்தவர். இந்த மஞ்சள் லாட்டுக்கு இரண்டு மார்க்கெட் உண்டு: 7 என்று போட்டால் சென்னை, யானை போட்டால் கேரளா பிளாஸ்டர்ஸ். கேலரியார் ஆறுதல் சொல்லும் குரலில் விசாரித்தார்: “ஏனுங்க, கொச்சில கூட்டமெல்லாம் எப்படி?” வந்தவர் பெருமூச்சு விட்டார். 2024 கடைசியில் மஞ்சப்படை ரசிகர்கள் நிர்வாகத்தோடு கோபித்துக்கொண்டு, டிக்கெட் வாங்கவும் மாட்டோம் விற்கவும் மாட்டோம் என்று அறிவித்ததைச் சொன்னார். கேலரியார் வாயடைத்துப் போனார். இத்தனை வருடமாகக் காலி சேரைக் கவனக்குறைவு என்று நினைத்திருக்கிறார். அதை இப்படி முறையாகத் திட்டமிட்டுத் தயாரிக்க முடியும் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

சபையைப் புரட்டிப் போட்டது ஒரு சிங்கர் டெய்லர். மூலையில் நின்று பன் தின்றுகொண்டிருந்தவர் சாவகாசமாகக் கேட்டார்: “ஏனுங்ணா, மேட்ச் எத்தனை மணிக்கு?”

“ஏழேகால்.”

“ஒன்றரை ஷிப்ட்டு முடிய எட்டரை ஆகுதுங்க. இன்னிக்கு இதோ டீக்குத்தான் விட்டிருக்கறாங்க. இந்த ஊர்ல ஸ்டேடியமே கட்டினாலும் ஏழேகாலுக்கு யாருங்க வந்து உக்காருவா?”

யாரிடமும் பதிலில்லை. அப்போதுதான் கேலரியாரின் மச்சான் மகன் வாயைத் திறந்தான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் ஓய்வு அதிகமாகியிருந்தது. அந்த ஓய்வில் இங்கிலாந்து பையர் யாரோ பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ரக்பி லீக்கின் சரித்திரத்தையே படித்து வைத்திருந்தான்.

“மாமா, அங்க ஒரு ஆட்டமே இதுனாலதான் பொறந்துச்சு. ஹடர்ஸ்ஃபீல்டு, ஹாலிஃபாக்ஸ், பிராட்ஃபோர்டு, எல்லாம் நம்மூர் மாதிரி மில்லு ஊருங்க. கம்பளி மில்லு. சனிக்கிழமை ரக்பி ஆடப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. அந்தக் கூலிய கிளப்பு குடுக்கோணும்னு கேட்டாங்க, லண்டன்காரங்க ஒத்துக்கல. 1895 ஆகஸ்ட்ல ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டல்ல உக்காந்து, 22 கிளப்பு தனியாப் பிரிஞ்சு போச்சு. நாளுக்கு 6 ஷில்லிங் வரைக்கும் குடுக்கலாம்னு முடிவு பண்ணுனாங்க.”

கேலரியார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். டெய்லர் பன்னை மெல்வதை நிறுத்திவிட்டு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்ள, இதையெல்லாம் நடு ரோட்ல நின்னு பேசாத” என்றார் கேலரியார், தணிந்த குரலில். “நாலு பேரு கேப்பாங்க.”

பையன் நிறுத்தவில்லை. 1954 மே 5ஆம் தேதி பிராட்ஃபோர்டு ஓட்சல் மைதானத்தில் ஹாலிஃபாக்ஸும் வாரிங்டனும் மறுபடி மோதிய இறுதி ஆட்டத்துக்குக் கணக்கில் வந்த கூட்டம் மட்டும் 1,02,569 என்றான். வேலி தாண்டி வந்தவர்கள் தனி. கேலரியார் அந்த எண்ணை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். இப்போது அந்த ஊர்களிலும் கூட்டம் குறைந்துவிட்டது என்று ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்களாம். 1996இல் ஆட்டத்தைக் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றியதால் கெட்டது என்று ஒரு கட்சி. மாற்றியதால்தான் இந்த மட்டுமாவது வருகிறார்கள் என்று எதிர்க்கட்சி. கேலரியார் முகத்தில் அன்றுதான் நிம்மதி தெரிந்தது. ஏழு கடல் தாண்டியும் ஒருத்தர் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து வரிசை எண்ணிக்கொண்டிருக்கிறார்!

“அந்த ஓட்சல் மைதானம் எப்படிக் கட்டுனது தெரியுங்களா மாமா? பழைய கல் குவாரி. அதுல ஊர்க் குப்பையக் கொட்டிக் கொட்டி, அந்த மேட்டையே கேலரி ஆக்கீட்டாங்க. 1934ல தொறந்தாங்க.”

இதைக் கேட்டதும் கேலரியார் எழுந்தே நின்றுவிட்டார். பாறைக்குழிக்கும் குப்பைக்கும் திருப்பூரில் என்ன பஞ்சம்? எந்தப் பாறைக்குழியில் குப்பை கொட்டுவது என்று மாநகராட்சிக்கும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் நடக்கும் தகராறு ஊரறிந்தது. அவர் இரண்டே நிமிடத்தில் அதற்கு முடிவு கட்டினார். குழி ரெடி, குப்பை ரெடி, மேட்டின்மேல் படிக்கட்டு வைத்தால் கேலரி ரெடி. டீம் ஏற்கெனவே இருக்கிறது, கோப்பையும் வாங்கியாயிற்று. “கூட்டம்?” என்றார் லோடு ஆட்டோக்காரர். கேலரியார் அவரைப் பார்த்த பார்வையில் டீ ஆறிவிட்டது.

அதற்கும் பையனிடம் மருந்து இருந்தது. டோக்கியோ தேசிய ஸ்டேடியத்தின் படத்தைச் செல்போனில் காட்டினான். அங்கே சேர்களை ஐந்து கலரில் மாற்றி மாற்றிக் கலந்து போட்டிருக்கிறார்கள். காலியாக இருந்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். கொரோனாவால் 2021 ஒலிம்பிக்ஸ் ஆளில்லாமல் நடந்தபோது டிவியில் அது நன்றாகவே எடுபட்டது.

கேலரியார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இத்தனை வருடமாக எண்ணிப் பழகியவருக்கு அந்தப் படத்தில் வரிசை பிடிபடவில்லை. எல்லோரும் அவர் அழப்போகிறார் என்றுதான் நினைத்தோம்.

“இது எத்தனை சேரு?”

“சுமார் 68,000 மாமா.”

“சேரு எதுக்குடா கலர் கலரா வாங்கோணும்? ஒரே கலர் சேரு போட்டு, மேல சீட் கவர் மாட்டுனாப் போச்சு. கேன்சல் ஆன ஆர்டர் துணி அஞ்சு கலர்லயும் கிடக்குதே, குடோன்ல!” காதிலிருந்த பேனா கைக்கு வந்துவிட்டது. பிஸ்கட் கவரின் பின்புறத்தில் வகுத்துப் பார்த்தார். “5,667 டஜன். டஜனுக்கு எலாஸ்டிக் தனி. டெய்லர் தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை டஜன் முடிப்பீங்க?”

டெய்லர் கையிலிருந்த பன் துகளைத் தட்டிவிட்டார்.

“அது கெடக்கட்டுங்ணா. ஷிப்ட்டுக்கு எத்தனை ஷில்லிங்?”