கேமரா மாமா என்ன செய்துகொண்டிருந்தார்?

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் எம்.ஜி.ஆர். படம் பார்க்கப் போனால், முதலில் ஒரு அணையையோ வெள்ளத்தையோ பார்த்தாக வேண்டும். அது அன்றைய சட்டம். 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படமோ ஆவணப்படமோ ஓடி முடிந்த பிறகுதான் மெயின் படம். நாங்கள் எல்லாவற்றையும் ‘நியூஸ் ரீல்’ என்போம். குழந்தைகள் பார்க்கத் தகுந்ததா என்று யாரும் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு அது வெளியே நின்று பீடி குடித்து முடிக்கிற நேரம்.

எங்கள் ஐயா மட்டும் எழுந்து போகமாட்டார். மணலைக் குவித்து என்னை அதன்மேல் உட்காரவைத்து, திரையில் பேசுகிற குரலையும் மீறி அவர் பேசுவார். “வைகை அணை கட்டும்போது நானும் கல்லு சுமந்தேன்டா. இது அதைவிடப் பெருசு. எம்புட்டுப் பேரு சுமந்திருப்பாக, பாரு.” வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. திரையில் சொன்ன கன அடிக் கணக்கு எதுவும் எனக்கு நினைவில்லை. ஐயா சுமந்த கல் நினைவிருக்கிறது.

பிறகு வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. அப்போதும் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. தூர்தர்ஷன் கொடுத்ததைப் பார்த்தோம். ‘சுரபி’ என்ற இந்தி நிகழ்ச்சி வந்தபோது, அதன் தொகுப்பாளர் ரேணுகா ஷஹானே பேசியது எங்களுக்குப் புரியாது; இந்தி பிரசார சபா பரீட்சை எழுதியிருந்த அக்காதான் எங்களுக்கு ரேணுகா ஷஹானே. அவள் சொன்னதில் பாதி அவளே சேர்த்தது என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பாதிக்காகத்தான் நாங்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம்.

இன்று என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு எட்டு. அவர்களோடு ஞாயிற்றுக்கிழமை மாலை பார்க்க ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் எனக்கு ஒரு வாரம் ஆகிவிடுகிறது. கையில் அவ்வளவு படங்கள் இருக்கின்றன. ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்று வயதுக்கு மேல் என்று ஒவ்வொன்றிலும் முத்திரை இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியதை அது சொல்வதில்லை. படம் முடிந்ததும் மகள் என்ன கேட்பாள்? அதற்கு நான் என்ன சொல்வேன்? அதனால் எந்தப் படத்தையும் முதலில் ராத்திரி நான் தனியாகப் பார்க்கிறேன்.

2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அவர் பிளானட்’ தொடரில், ரஷ்யாவின் வடகிழக்குக் கடற்கரையில் வால்ரஸ்கள் பல்லாயிரக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடக்கும். ஓய்வெடுக்கக் கடலில் பனி இல்லை, அதனால்தான் கரைக்கு வந்தன என்று படம் சொல்கிறது. இடம் போதாமல் சில உயரமான பாறை மீது ஏறி, இறங்கத் தெரியாமல் உருண்டு விழுந்து சாகின்றன. மனம் பதறவைக்கும் காட்சிகள் எந்தெந்த நிமிடத்தில் வருகின்றன என்று நெட்ஃபிளிக்ஸே பட்டியல் கொடுத்தது. மகனுக்குக் காட்டினேன், மகளுக்கு இன்னும் இல்லை. சிங்கம் வரிக்குதிரையைக் கொல்வதை அவள் கண்ணை மூடாமல் பார்ப்பாள். அதில் ஒரு பசி தீர்கிறது. வால்ரஸ் விழும்போது யாருடைய பசியும் தீர்வதில்லை. அந்தச் சாவில் நமக்கும் பங்கு உண்டு என்று சொல்லியாக வேண்டும். அதை எட்டு வயது நெஞ்சில் ஏற்றிவிட்டு, தூங்கு என்று விளக்கை அணைக்க என்னால் முடியாது.

அவளோடு பார்த்தது 2018இல் பிபிசி வெளியிட்ட ‘டைனஸ்டீஸ்’ தொடரின் பேரரசப் பெங்குவின் பகுதி. பனிப்புயலில் சில பெங்குவின்கள் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொள்கின்றன. காலிடுக்கில் குஞ்சு, பனிச்சரிவோ செங்குத்து. நான் பயந்த கேள்வி வந்தது.

“அப்பா, அந்தக் கேமரா மாமா என்ன பண்ணிட்டிருக்காரு?”

குறுக்கிடக் கூடாது என்பது காட்டுயிர்ப் படம் எடுப்பவர்களின் நியதி. இந்தக் குழு அதை மீறியது. நேராகத் தூக்கிவிடவில்லை; மேலே ஏறிவர பனியில் சரிவாக ஒரு பாதை வெட்டியது. மகள் கைதட்டினாள். மகன் விடவில்லை. “அப்ப வரிக்குதிரையை மட்டும் ஏன் காப்பாத்தல?” நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: “வரிக்குதிரையைக் காப்பாத்துனா சிங்கக்குட்டி பட்டினி கிடக்கும்ல? பெங்குவினைக் காப்பாத்துனா யாரு பட்டினி?” படம் எடுத்தவர்கள் சொன்ன நியாயமும் ஏறக்குறைய இதுதான். அந்த மாலை எனக்கு மிகப் பிடித்த மாலை.

மகனுக்கு இப்போது இன்னொரு கல்வி நடக்கிறது. ‘பிளானட் எர்த்’ இரண்டாம் தொடரில் (2016), கலாபகோஸ் தீவுகளில் பொரிந்த இகுவானாக் குட்டி பாம்புக் கூட்டத்திடமிருந்து தப்பி ஓடும். உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஓட்டம். ஒருமுறை சத்தத்தோடு பார்த்தோம். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். இசை போனதும் பாம்புகள் வில்லன்களாக இல்லை. பசித்த பாம்புகளாக இருந்தன. அது ஒரே குட்டியின் ஓட்டமல்ல, வெவ்வேறு குட்டிகளின் ஓட்டங்களை ஒட்டியது என்பதையும் சொன்னேன். “அப்ப பொய்யா?” என்றான். ஓடியது உண்மை, கோத்தது மனிதர் என்றேன்.

பொய் எது என்று காட்ட டிஸ்னியின் ‘ஒயிட் வில்டர்னஸ்’ (1958) கதையைச் சொன்னேன். லெம்மிங் என்கிற எலி போன்ற பிராணிகள் கூட்டமாகக் கடலில் விழுந்து சாவதாகக் காட்டிய படம் அது. ஆஸ்கரும் வாங்கியது. விலைக்கு வாங்கிய லெம்மிங்குகளைப் படக்குழுவே தண்ணீரில் தள்ளியது என்பதை 1982இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி வெளிக்கொண்டுவந்தது. குழந்தைகள் ரத்தத்தைத் தாங்குவார்கள். ஏமாற்றப்படுவதை அவர்கள் தாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விலங்கையும் கொலைகாரனாக்கி மத்தளம் கொட்டுகிற சுறா, முதலைப் படங்களை நான் வீட்டுக்குள் விடாததற்கும் அதுதான் காரணம்.

போன மாதம் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ போட்டேன். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத யானைக்குட்டி ரகுவையும், பிறகு அம்முவையும் வளர்த்த கதை. கார்த்திகி கோன்சால்வஸ் இயக்கி 2023இல் ஆஸ்கர் பெற்றது. நாற்பது நிமிடம்தான், தமிழ் காதில் விழுகிறது. அதனால் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். வளர்ந்த ரகுவை வனத்துறை வேறொருவர் பொறுப்பில் விடுகிற இடம் வந்ததும் அம்மா பேச ஆரம்பித்துவிட்டார்.

“எங்க வீட்டுலயும் தாய் செத்த கன்னுக்குட்டி ஒண்ணு இருந்துச்சு. சங்குல பால் ஊத்தி வளத்தேன். பெருசானதும் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிட்டாக.”

“நீங்க ஏன் விட்டீங்க அப்பத்தா?” என்று மகள் திரும்பி உட்கார்ந்தாள்.

நான் படத்தை நிறுத்தினேன். கன்றுக்குட்டியில் தொடங்கி, அந்த வருஷப் பஞ்சம், வட்டிக்கு வாங்கிய பணம், சந்தைக்கு ஓட்டிப்போன ஐயா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. ஐயா அணையில் கல் சுமந்த கதையும் நடுவில் வந்தது. எனக்குத் தெரியாத விவரங்களோடு. மீதிப் படத்தை மறுநாள் பார்த்தோம்.