கொட்டாங்குச்சிக்குள் ஒரு பிரசவம்

கொளத்தூரில் ஒரு மீன்கடையில் ஜோடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்துத் தெரிந்தது, இரண்டும் ஆண். அபிஸ்டோகிராமா என்கிற இந்தக் குட்டி சிக்லிட் வகையில் சில ஆண்கள் பெண் போலவே சின்னதாக, நிறம் காட்டாமல் வளையவந்து பெரிய ஆணை ஏமாற்றுமாம். அதுவே ஏமாறும்போது நான் எம்மாத்திரம்?

மறுபடி போய், நிஜப் பெண்ணாகப் பார்த்து வாங்கிவந்தேன். ஆண் மூன்று அங்குலம். முதுகுத் துடுப்பு கொண்டைக்கிளி மாதிரி சிலிர்த்து நிற்கும். பெண் இரண்டு அங்குலம்தான். பூர்வீகம் அமேசான் பக்கம். அங்கே மழைத்தண்ணீர் போன்ற மென்னீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் 1,100. ஆகவே ஆர்ஓ தண்ணீர் மீனுக்குப் போனது, கேன் தண்ணீர் எங்களுக்கு வந்தது. தெருமுனைப் பாதாம் மரத்துச் சருகுகளைப் பொறுக்கிவந்து ஊறப்போட்டேன். மீனுக்கு அது பிறந்த வீடு; பார்ப்பவர்களுக்கு ஒரு தொட்டி டிகாஷன். "ஏங்க, தண்ணியை மாத்தவே மாட்டீங்களா?" என்று விருந்தாளிகள் எதிரிலேயே மனைவி கேட்டாள்.

முட்டையிடக் குகை வேண்டும். 450 ரூபாய்க்கு வாங்கிய பீங்கான் குகையை அம்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துருவிப் போட்ட கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, விளிம்பில் ஓர் ஓட்டை போட்டு வைத்தேன். அன்றைக்கே குடியேறிவிட்டாள்.

ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி ஆனாள். அதுதான் அறிகுறி. பல் டாக்டர் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால், கொட்டாங்குச்சிக் கூரையில் சிவப்புச் சிவப்பாக முட்டைகள். எண்பதுவரை எண்ணினேன். காலையில் ஒன்றுகூட இல்லை. என் தொல்லை பொறுக்காமல் அவளே தின்றுவிட்டாள்.

இரண்டாம் முறை பூஞ்சை. மூன்றாம் முறை அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பத்து நாளில் அவள் முன்னே வர, பின்னால் கடுகு வெடித்துச் சிதறிய மாதிரி ஒரு கூட்டம்! அம்மா உடம்பை ஒரு வெட்டு வெட்டினால் அத்தனையும் மணலில் படுத்துவிடும். என் பிள்ளைகளிடம் இருபது வருஷத்தில் ஒருநாள்கூட எனக்கு இது வாய்த்ததில்லை.

நம் ஊரில் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். இங்கே அப்பன்தான் வெளியேற வேண்டும். தன்னைவிடப் பெரிய புருஷனை அவள் ஹீட்டருக்குப் பின்னால் ஒடுக்கி, வாலைக் கிழித்துவிட்டாள். இரவு பதினோரு மணிக்கு அவரைப் பக்கெட்டுக்குக் குடிமாற்றினேன்.

குஞ்சுகளுக்குத் தீனி ஆர்டீமியா என்கிற பொடி இறால். அதன் முட்டையை உப்புத்தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் 24 மணி நேரத்தில் பொரியும். லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு. சமையலறை உப்பு ஜாடி காலியாகும் மர்மம் இரண்டு வாரம் நீடித்தது. ஆனால் அதைத் தின்ற குஞ்சுகளின் கண்ணாடி வயிற்றில் ஆரஞ்சுப் புள்ளி உருண்டு நிற்பதைப் பார்க்க வேண்டுமே! ஆபீசுக்கு மூன்று நாள் தாமதமாகப் போனேன்.

இதெல்லாம் நடந்தது மே மாதம், மொட்டைமாடி அறையில். தண்ணீர் 31 டிகிரி. இந்த வகை மீன்களில் வெப்பம் கூடினால் ஆண் குஞ்சுகள் பெருகும் என்பதைப் பிறகுதான் படித்தேன். தேறியவை 27, அதில் 25 ஆண். கடைக்குக் கொண்டுபோனேன். "ஜோடியா இருந்தா எடுத்துக்கறேன் சார்" என்றார், எனக்கு இரண்டு ஆணை ஜோடி என்று விற்ற அதே மனிதர்.

உங்கள் வீட்டில் பெண் அபிஸ்டோ இருந்தால் சொல்லி அனுப்புங்கள். வரதட்சணை வேண்டாம், கொட்டாங்குச்சி எங்கள் செலவு.