கருப்பனும் கரண்ட்டும்

எங்கள் வீட்டார் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பல காலமாகிறது. ரிசப்ஷனுக்கு இரண்டு பேர், மறுநாள் முகூர்த்தத்துக்கு மற்ற இரண்டு பேர் என்று பங்கு போட்டுக்கொண்டு போகிறோம். உறவுக்காரர்கள் இதை ஏதோ மாமியார் மருமகள் சண்டை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. திண்ணையில் கருப்பன் இருக்கிறான். உள்ளே, சாமி அலமாரிக்குக் கீழே, ஒரு வெப் சர்வர் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே விட்டுப் போவதே கஷ்டம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து விட்டுப் போவது நடக்காத காரியம்.

கருப்பன் என்றதும் கருப்பு நாய் என்று எண்ணிவிடாதீர்கள். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ராஜபாளையம் இனம். குலசாமி பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். நிறம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. பின்னங்காலில் எழுந்து நின்றான் என்றால் முன்னங்கால் இரண்டும் என் தோளில் இருக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன பரம்பரை. 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர் நாய்களோடு ராஜபாளையமும் அதில் இருந்தது. அப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்தவன் இதுவரை எங்கள் வீட்டில் வேட்டையாடியது கொடியில் காயும் லுங்கிகளை மட்டும்தான்.

அவனுக்குக் காது கேட்காது. தூய வெள்ளை ராஜபாளையத்தில் இது அபூர்வமில்லை. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அதே வகைச் செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாமல் பிறக்கிற குட்டிக்கு நிறத்தோடு செவியும் போய்விடும். கருப்பனைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் ஓங்கி ஒரு மிதி. அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்ப்பான். பேச்சுக்கு நடுவில் நான் திடீரென்று தரையை உதைப்பதைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்தவர்கள் பூரான் ஏதோ ஓடுகிறது என்று காலைத் தூக்கிக்கொள்வார்கள். செவிட்டு நாயைக் காவலுக்கு வைத்த குடும்பம் என்று தெருவில் எங்களுக்குப் பெயர். ஆனால் இத்தனை பெரிய உடம்புக்குக் காது கேட்காது என்று திருடனுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வெளியில் சொல்லாமலிருந்தால் சரி.

சர்வர் என்று நான் சொல்வது ஒரு பழைய லேப்டாப். திரை போய்விட்டது, கீபோர்டில் சில எழுத்துகள் இல்லை, பேட்டரி மட்டும் கல் மாதிரி இருக்கிறது. கரண்ட் போனால் தானே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதால்தான் அதற்கு இந்த உத்தியோகம். லினக்ஸ் ஏற்றி, என்ஜின்எக்ஸ் என்கிற சர்வர் மென்பொருளை ஓட்டி வைத்திருக்கிறேன். அப்பா கொல்லையில் வைத்திருக்கும் மழைமானியின் கணக்கு, சொந்தக்காரர்களின் விசேஷப் படங்கள், திண்ணையைப் பார்த்தபடி ஒரு கேமரா. இவ்வளவுதான் அதன் உலகம். “இதையெல்லாம் மாசம் இவ்வளவுன்னு கட்டினா எவனோ ஒருத்தன் பாத்துக்குவான் இல்லைங்க?” என்று மனைவி கேட்கிறாள். பாக்கெட் பால் கடைக்குக் கடை தொங்கும்போது வீட்டுக்கு வீடு மாடு கட்டியிருக்கிற ஊரில் இருந்துகொண்டு கேட்கிறாள்.

வெளியிலிருந்து ஒருவர் நம் சர்வருக்கு வந்து சேர முகவரி வேண்டும். பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரான களமருதூருக்கு ஃபைபர் வந்து சேர்ந்தபோது தனியாகக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒரே முகவரியின் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன. நாம் வெளியே போய் யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம், நம்மைத் தேடி யாரும் வர முடியாது. அதனால் மும்பையில் ஒரு சின்ன சர்வரை வாடகைக்குப் பிடித்து, அங்கிருந்து எங்கள் சாமி அலமாரி வரைக்கும் ஒரு சுரங்கப்பாதை போட்டிருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் திண்ணையில் படுத்திருக்கும் கருப்பனைப் போனில் பார்த்தால், கருப்பன் மும்பைக்குப் போய்த்தான் திரும்பி வருகிறான்.

இதற்கெல்லாம் எதிரி ஹேக்கர் இல்லை, அம்மா. படுக்கப் போகும் முன் வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைப்பது அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்து வரும் வேலை. சிவப்பு மையில் “இதை மட்டும் அணைக்காதீர்கள்” என்று எழுதி ஒட்டினேன். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் உலகின் முதல் வெப் சர்வரை ஓட்டியபோது அவரும் சிவப்பு மையில் இதையேதான் எழுதி ஒட்டினார்: இது ஒரு சர்வர், அணைக்காதீர்கள். அங்கேயும் ஓர் அம்மா இருந்திருக்க வேண்டும். எங்கள் அம்மா சீட்டை மதிக்கிறார், ஆனால் ஐப்பசியில் வானம் உறுமினால் சீட்டு செல்லாது. “இடி இடிக்குது, மொதல்ல அத புடுங்குடா!” அதில் தப்பும் சொல்ல முடியாது. மின்னல் கம்பி வழியாக வந்தால் சர்ஜ் பாதுகாப்பு, யுபிஎஸ் எதையும் கேட்டுக்கொண்டு வராது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட்டை நிறுத்துவார்களே, அன்றைக்குத்தான் உண்மையான வழக்கு. இன்வெர்ட்டரில் இருக்கும் சார்ஜ் மோடத்துக்கா, கருப்பனின் டேபிள் ஃபேனுக்கா? சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டு, விலா ஏறி இறங்க அவன் ஒரு பார்வை பார்ப்பான். வீட்டில் நான் ஒருவன்தான் மோடம் கட்சி. இந்த ஊரில் வெயில் நாளில் எங்கள் தளம் திறக்கவில்லை என்றால் நாய் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு பக்கம், ராத்திரியில் யுபிஎஸ் ‘கீ... கீ...’ என்று கத்தத் தொடங்கினால் அப்பா எழுந்துகொள்வார், குழந்தை அழும், பக்கத்து வீட்டில் விளக்கு எரியும். அந்தப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருப்பவன் காதுகூட அசையாது.

அவன் அங்கே போய்ப் படுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மார்கழியில் லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையிலிருந்து இளஞ்சூடாகக் காற்று வரும். முதுகை அதற்குச் சரியாகக் கொடுத்துச் சுருண்டுகொள்வான். விளைவு, சூடு தாங்காமல் சர்வர் தானே அணைந்துவிடும். பின்மூடியின் திருகுகளைக் கழற்றினால், விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே இலவம்பஞ்சு மெத்தை தைத்தது போல வெள்ளை முடி அடைத்திருக்கும். ஊசியால் ஓரத்தைக் கிளப்பி, புருவம் பிடுங்கும் கிடுக்கியால் இழுத்தால் முழுசாக ஒரே பாளமாக வரும், விசிறி இறக்கையின் அச்சோடு. அதைக் கையில் பிடித்திருக்கும்போது கருப்பன் வந்து முகர்ந்து பார்ப்பான். தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

கருப்பனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி வருஷத்துக்கு ஒரு தடவை. சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது, ஆனால் 90 நாளுக்குத்தான். “நாயே தேவலாம்” என்பது மனைவியின் தீர்ப்பு.

சர்வருக்கு வந்து போகிறவர்களின் பட்டியல் லாக் கோப்பில் விழும். ராத்திரி முழுக்க உலகத்தின் ஏதேதோ மூலையிலிருந்து எந்திரங்கள் வந்து வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்கும். எங்களிடம் வேர்ட்பிரஸே இல்லை. அப்படி ஒரு பக்கமே இல்லை என்று 404 சொன்னாலும் விடாமல் அடுத்த கதவைத் தட்டும். எந்திரங்களுக்கு வழிசொல்ல ரோபாட்ஸ் என்றொரு கோப்பு வைக்கும் மரபு 1994-லிருந்து இருக்கிறது. இங்கெல்லாம் வராதே என்று அதில் எழுதி வைத்தால் நல்ல எந்திரங்கள் விலகிப் போகும். கெட்டவை அதைப் படித்துவிட்டு நேராக அங்கேயே போகும். அப்பாவுக்கு இந்த லாக் என்றால் உயிர். காலையில் டீக்கடையில் அவர்தான் செய்தி வாசிப்பார்.

“நேத்து ராத்திரி நெதர்லாந்துலேர்ந்து ஆளுங்க வந்திருந்தாங்க.”

“உங்க வீட்டுக்கா? இன்னா விஷயமா?”

“ஒண்ணுமில்ல. கதவு தெறந்திருக்கான்னு பாத்துட்டுப் போனாங்க.”

“நாய் கொலைக்கலயா?”

“அவனுக்குத்தான் காது கேக்காதே!”

இத்தனை பாடுபட்டு ஏற்றி வைத்த மழைக்கணக்கை அப்பாவைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் பார்ப்பது திண்ணைக் கேமராவைத்தான். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் என்ன தெரியும்? வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ், அதன்மேல் வெள்ளை நாய். மூக்கை வைத்துத்தான் ஆள் அடையாளம். கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தில் 1991-ல் ஒரு காபிப் பாத்திரத்துக்கு எதிரே கேமரா வைத்தார்கள். படிக்கட்டெல்லாம் கடந்து வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று. 1993-ல் அது வெப்பில் ஏறி, உலகமே அந்தப் பாத்திரத்தைப் பார்த்தது. 2001-ல் கேமராவை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தை ஏலம் விட்டபோது 3,350 பவுண்டுக்குப் போனதாம். கருப்பனை யாரும் ஏலம் கேட்கவில்லை. கேட்டாலும் தீனிச் செலவைச் சொன்னதும் போய்விடுவார்கள்.

கடைசியாக பேக்கப். இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சுந்தரர் பிறந்தது திருநாவலூர். அவர் கல்யாணத்தில் ஒரு கிழ வேதியர் வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இதோ, நீ எனக்கு அடிமை என்று நீட்ட, சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார் என்கிறது பெரியபுராணம். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று சபைக்கு இழுத்துக்கொண்டு போனார். சபையார் சும்மா விடவில்லை, பாட்டனின் வேறொரு கையெழுத்தை எடுத்துவரச் சொல்லி ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். ஒரு பிரதி கையில், ஒரு பிரதி வேறு ஊரில், கடைசியில் சரிபார்ப்பும். கிழவராக வந்தது சிவன்தான். இதைவிட ஒழுங்காக பேக்கப் வைத்தவரை நான் எங்கும் பார்க்கவில்லை.

நானும் அந்த வழிதான். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், கருப்பனுக்கு எட்டாத பரண்மேல். இன்னொன்று திருவெண்ணெய்நல்லூரில் தங்கை வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு நடுவில். அந்த தைரியத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு எல்லோரும் சேர்ந்தே போய்வரலாம் என்று பேச்செடுத்தேன். மனைவி புளியோதரைக்குப் புளியே ஊறவைத்துவிட்டாள். அப்போது தங்கையிடமிருந்து போன்.

“அண்ணா, உங்களப் பாத்து நாங்களும் ஒரு குட்டி வாங்கிட்டோம். வெள்ள வெளேர்னு இருக்குது. பல்லு மொளைக்குது போல, பீரோவத் தொறந்தப்ப ஏதோ கருப்புப் பொட்டி ஒண்ண இழுத்துகிட்டுப் போயிடுச்சி. கத்திக் கத்திக் கூப்புடுறேன், திரும்பியே பாக்கல. என்ன பண்றது?”

“தரையில ஓங்கி மிதி” என்றேன்.